வல்வில்லும் கைவாகும்

சென்ற மாதம் சுன்னாகத்தில், எங்கள் பாடசாலை மண்டபத்திலே, மாணவர் பட்டிமண்டபம் ஒன்று நிகழ்ந்தது. ‘தற்காப்புக்கு உறுதுணையாவது சிறந்த படைக்கலமா, சிறந்த பயிற்சியா’ என்பது பொருள். நடுவர் பீடத்தில் யான் இருத்தப்பட்டேன். தமிழ்ப் பண்டிதனுக்கும் படைக்கலத்துக்கும் யாது தொடர்பு என்று அன்பர் சிலர் வினவினர். புறநானூறு படிப்பிக்கிறவனைத் தவிர இந்த ஊரில் இன்றைக்கு வேறு யாருக்குப் படைக்கலத்தோடு தொடர்பு இருக்கிறது என்று விடை கூறித் தப்பிக்கொண்டேன்.

உள்ளதைச் சொன்னால், அந்தப் பொருள் எனக்கு உவப்பாயிருக்கவில்லை. துவக்கு என்னும் சொல்லை அகராதியிற் காணுமுன் காதினாற் கேட்டு அறிந்த தலைமுறை என்னுடையது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, ஏட்டையும் புத்தகத்தையும் வீட்டில் விட்டுவிட்டு நடந்தவருள் யானும் ஒருவன். மேடையில் நின்ற பிள்ளைகளோ 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவர்கள். படைக்கலக் கட்சியிற் பேசிய மாணவன் ஒருவன் துப்பாக்கி வகைகளின் பெயர்களை மூச்சு விடாமல் அடுக்கினான். எங்கே கற்றாய் என்று பின்னர்க் கேட்டேன். கைத்தொலைபேசி விளையாட்டிற் கற்றானாம். உண்மையான வேட்டொலியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அது அவன் பெற்ற பேறு.

இரு கட்சியாரும் பேசி முடித்தனர். தீர்ப்புக் கூறுவது எனக்கு எளிதாகவே இருந்தது. வல்வில் ஓரியைத் துணைக்கு அழைத்தேன். கொல்லிமலைத் தலைவனாகிய அந்த வள்ளலின் வேட்டையை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டிலே பாடுகின்றார். விட்ட அம்பு ஒன்றே. அது யானையை வீழ்த்திற்று, புலியைக் கொன்றது, கலைமானை உருட்டிற்று, பன்றியைச் சாய்த்தது, ஈற்றிலே புற்றிற் கிடந்த உடும்பிற் சென்று தைத்தது. அம்பு எல்லாரிடத்தும் உண்டு, ஓரியின் கை ஓரி ஒருவனிடத்தே உண்டு என்றேன். அடுத்து ஏகலைவன் வந்தான். துரோணர் அவனிடம் கேட்ட காணிக்கை வில்லா, அம்பா? வலக்கைப் பெருவிரலை அன்றோ கேட்டார்! வித்தை எங்கே உறைகின்றது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது என்றேன். சபை ஆரவாரித்தது. பயிற்சிக் கட்சிக்கே வெற்றி என்று தீர்த்துவிட்டு இறங்கினேன்.

இறங்கியவுடன் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எதிரே வந்து நின்றாள்.

“ஐயா, எனக்கொரு ஐயம்.”

“கேள், பிள்ளை.”

“ஓரியை ‘வல்வில் ஓரி’ எண்டல்லோ சொல்லுகினம்? வன்மை வில்லுக்குத்தானே அடை? அப்படியெண்டால் புகழ் வில்லுக்கோ, ஓரிக்கோ?”

முப்பது ஆண்டுகளாக அந்தப் பாட்டைப் படிப்பித்து வருகின்றேன். ‘வல்வில்’ பண்புத்தொகை என்றும், ‘வல்வில் ஓரி’ என்பது வல்வில்லையுடைய ஓரி என விரியும் என்றும் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். எழுதிய கை அதன் பொருளை என்னிடம் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன். ஆசிரியர்கள் ‘நாளைக்கு’ என்பதன் பொருள் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று மாலை, ஊர்க்கோயில் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வீட்டுக்கு வந்தான். அங்கே பொலிஸ் உத்தியோகம். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பதும் அவன் பொறுப்பு. தேநீரும் பனங்கட்டியும் வந்தன. பட்டிமண்டபக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“இது எங்கட ஆக்கள் நெடுகப் பிடிக்கிற சண்டை, ஐயா. எந்தத் தோட்டா திறம் எண்டு விடியவிடியக் கதைப்பினம். பயிற்சிக்கு வாருங்கோ எண்டால் நேரமில்லை எண்டுவினம்.”

அதன்பின் அவன் சொன்னவற்றுள் எனக்கு விளங்கியவற்றை இங்கே எழுதுகின்றேன்.

கைத்துப்பாக்கித் தோட்டா என்பது ஓர் உலோகக் கோது. கோதினுள்ளே மருந்து, வாயிலே குண்டு. குண்டின் முனையைக் குழித்துவிட்டால், உடலினுட் சென்றதும் அது காளான்போல விரியும். விரிவதால் காயம் பெரிதாகும். விரிந்த குண்டு பெரும்பாலும் உடலினுள்ளே நின்றுவிடுவதால், ஊடுருவிச் சென்று அப்பால் நிற்கும் வழிப்போக்கனைத் தாக்கும் அபாயம் குறையும். கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் என்னும் இடத்துப் படைக்கலச்சாலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய விரியும் குண்டுகளுக்குப் பெயர் பெற்றது. 1899ஆம் ஆண்டு ஹேக் நகரத்து மாநாடு, போரிலே விரியும் குண்டு ஆகாது என்று பிரகடனஞ் செய்தது. பகைவன்மேற் போர்வீரன் எய்யலாகாத குண்டை, அயலானைக் காக்கும்பொருட்டுக் காவலாளன் வைத்திருக்கின்றான். அறம் இடத்துக்கிடம் மாறும் விதம் வியப்பானது.

தோட்டாவைப் பற்றிய சண்டை பெரிதாக மூண்டது 1986ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு ஏப்பிரல் 11ஆந் திகதி, அமெரிக்காவின் மயாமிப் பகுதியில், வங்கிக் கொள்ளையர் இருவரை எப்.பி.ஐ. என்னும் மத்திய புலனாய்வுப் பணியகத்தார் எண்மர் வழிமறித்தனர். வண்டிகள் மோதிக்கொண்டபோதே ஒருவருடைய மூக்குக்கண்ணாடி வீழ்ந்தது. சிலருடைய துப்பாக்கிகள் கைதவறிப் போயின. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தன. கொள்ளையர் இருவரும் மாண்டனர். பணியகத்தாருள் இருவர் உயிர்நீத்தனர், ஐவர் காயமுற்றனர்.

பின்னர் நடந்த ஆராய்ச்சியில் ஓர் உண்மை வெளிப்பட்டது. கொள்ளையருள் ஒருவனைத் தொடக்கத்திலேயே 9 மில்லிமீற்றர்க் குண்டு ஒன்று தாக்கியிருந்தது. மேற்கையைத் துளைத்து மார்பினுட் புகுந்த அக்குண்டு, இருதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் இப்பால் நின்றுவிட்டது. அவன் பிழைக்க முடியாத காயம் அது. ஆயினும் அவன் மேலும் சில நிமிடங்கள் போராடினான். அந்தச் சில நிமிடங்களிலேயே இரண்டு உயிர்கள் போயின.

ஓர் அங்குலம்! குற்றம் குண்டின்மேலே சுமத்தப்பட்டது. இனிமேல் குண்டு இவ்வளவு ஆழஞ் செல்லவேண்டும் என்று அளவு வகுத்தார்கள். தசைக்கு ஒப்பாகச் செய்த ஜெலற்றின் கட்டியிலே சுட்டுப் பார்த்து, 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மேற்படாமலும் செல்லும் குண்டே தக்கது என்றார்கள். 9 மில்லிமீற்றரை விட்டு 10 மில்லிமீற்றருக்குப் போனார்கள். அதன் பின்னுதைப்புப் பலருடைய கைக்கு அடங்கவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அத்தனை பெரிய கோது எதற்கு என்று, அதே பருமனுள்ள குண்டைக் குறுகிய கோதில் வைத்துப் புதியதொரு தோட்டா 1990ஆம் ஆண்டிலே வந்தது. பொலிசார் பலர் அதனைக் கைக்கொண்டனர். எப்.பி.ஐ.யும் பின்னர் அதற்கு மாறியது.

பிறகு என்ன நடந்தது? 2014ஆம் ஆண்டளவில் அதே பணியகத்தின் பயிற்சிப் பிரிவு, 9 மில்லிமீற்றருக்கு மீள்வதே நன்று என்று காரணங்காட்டி எழுதியது. அடுத்த சில ஆண்டுகளில் பணியகம் மீண்டும் விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. காட்டிய காரணங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, குண்டு செய்யும் தொழில் இடைக்காலத்தில் வளர்ந்துவிட்டது. நல்ல குண்டாயின், சிறிதும் பெரிதும் உடலிற் செய்யும் வேலையில் இப்பொழுது அதிக வேற்றுமை இல்லை. இரண்டாவது, பின்னுதைப்புக் குறைந்த துப்பாக்கியினால் மிகப் பலர் விரைவாகவும் குறிதவறாமலும் சுடுகின்றனர். மூன்றாவது, உண்மையான மோதலிலே பொலிசார் சுடும் குண்டுகளில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை இலக்குத் தவறுகின்றன என்று அவ்வெழுத்தே கூறுகின்றது. படாத குண்டு எத்தனை ஆழஞ் செல்லும் என்று அளந்து யாது பயன்?

இன்னுமொன்று சொன்னான் மாணவன். மயாமியில் அந்தப் போராட்டத்தை முடித்துவைத்தவர், இடக்கை எலும்பு நொறுங்கிய ஓர் உத்தியோகத்தர். நெடுந்துப்பாக்கியை ஒற்றைக் கையால் இயக்கிச் சுட்டார். அது ஒழிந்தபின் எழுந்து சென்று, பழைய மாதிரிச் சுழல் துப்பாக்கியினாலே கிட்ட நின்று சுட்டு முடித்தார். அதிலிருந்த தோட்டாவின் குலம் 9 மில்லிமீற்றரைவிட மூத்தது; வலிமையாலும் மிக்கதன்று. குறை சொல்லப்பட்ட குண்டைவிடப் பழைய குண்டு வேலையை முடித்தது. முடித்தது அந்தக் கை.

“அப்படியெண்டால் என்ரை தீர்ப்புச் சரிதானே, தம்பி?” என்றேன்.

“பாதி சரி, ஐயா. அந்த ஓர் அங்குலம் உண்மை. இரண்டு பேர் செத்ததும் உண்மை. ஆகாத குண்டை ஆர் வைச்சிருந்தாலும் அது ஆகாத குண்டுதான்.”

பின்பு தன் பயிற்சிக் களத்தில் நடக்கும் ஒரு சோதனையைச் சொன்னான். நல்ல தோட்டாக்களுக்கு இடையிலே, சுடுபவன் அறியாதபடி, மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைக் கலந்து வைத்துவிடுவானாம். அது வரும் முறையில் விசையை அழுத்தினால் வெடியும் இல்லை, உதைப்பும் இல்லை. ஆயினும் துப்பாக்கியின் முனை வெடுக்கென்று கீழே தாழும்! வரப்போகும் உதைப்புக்கு அஞ்சிக் கை முன்கூட்டியே செய்யும் சேட்டை அது. வெடி வெடிக்கும்போது அந்தச் சேட்டை புகைக்குள்ளும் ஒலிக்குள்ளும் மறைந்துவிடும். குறி தவறியதற்குத் தோட்டாவைக் குறை கூறலாம். வெற்றுத் தோட்டாவின் முன்னே ஒளிக்க இடமில்லை. தோட்டா எவ்வளவு வலியதோ, கை அவ்வளவு முன்னதாக நடுங்குமாம். இந்த நடுக்கத்தை விலை கொடுத்துத் தீர்க்க முடியாது. நாள்தோறும் பழகியே தீர்க்கவேண்டும் என்றான்.

அவன் போனபின் நெடுநேரம் திண்ணையில் இருந்தேன். மாணவியின் வினாவுக்கு விடை வந்துகொண்டிருந்தது.

வில் வலிது என்றால் என்ன பொருள்? வளைத்தற்கு அரியது என்பது பொருள். வலிய வில் யாருக்கு வலிது? வளைக்க வல்லவனுக்கே அது வில். ஏனையோருக்கு அது வெறுந் தடி. மிதிலையிலே சனகனிடம் இருந்த வில்லிலும் வலியது எது? வந்த அரசர்க்கெல்லாம் அது மானங்கெடுத்த பாரமாயிற்று. இராமன் ஒருவனுக்கே வில்லாயிற்று. அருச்சுனன் கையிலிருந்த காண்டீபமோ மாறவே இல்லை. கண்ணன் மறைந்தபின் யாதவ மகளிரை அழைத்துக்கொண்டு போகின்ற வழியிலே கள்வர் மறித்தபோது, அதே வில்லை அவன் அரிதின் முயன்று நாணேற்றினான், மந்திரங்கள் நினைவுக்கு வரவில்லை, அம்பறாத்தூணி ஒழிந்தது, வில்லையே தடியாகக்கொண்டு அடித்தான் என்று வியாச பாரதத்து மௌசல பருவம் இரங்குகின்றது. ஆகவே ‘வல்வில்’ என்னும் அடை வில்லின்மேல் நின்று ஓரியின் தோளைப் புகழ்கின்றது. வில்லையும் பொய்யாகப் புகழவில்லை. அந்தத் தோளுக்கு மெலிந்த வில் ஆகாது. தோளும் வில்லும் ஒன்றையொன்று அளந்து நிற்கின்றன.

மறுநாள் வகுப்பிலே இதனைச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் புராணம் மட்டும் போதாது என்று நம் நாட்டோடு தொடர்புள்ள சான்று ஒன்றும் காட்டினேன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிலே குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் பெருவேட்டைக்காரர். பின்பு ஆபிரிக்காவுக்குப் போனபோது, அரை இறாத்தல் நிறையுள்ள வெடிகுண்டை எறியும் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுபோனார். ‘குழந்தை’ என்று அதற்குப் பெயர். அந்தக் குழந்தை உதைத்த உதையில் அவர் காற்றாடிபோலச் சுழன்றாராம். அதைச் சுடுவதற்குத் தமக்கே அச்சம் என்று அவரே எழுதிவைத்திருக்கின்றார். அவருக்குப் பின்வந்த பெல் என்னும் மற்றொரு வேட்டைக்காரர், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்குமிடத்தைக் கற்றுக்கொண்டு, ஏறத்தாழ 7 மில்லிமீற்றர்ச் சிறு குண்டினாலே பெரும்பாலும் வேட்டையாடினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. அந்தக் கொலையை யான் போற்றவில்லை. கற்ற கைக்குச் சிறு குண்டு போதும் என்பதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“அப்ப, நல்ல குண்டு எது ஐயா?” என்றாள் அந்த மாணவி.

சுன்னாகம் சந்தைக்குப் போய்ப் பார் என்றேன். மண்வெட்டி வாங்க வரும் முதிய கமக்காரர் என்ன செய்கின்றார்? அலகைச் சுண்டி ஒலி பார்ப்பார். ஒலி பிசகினால் அப்பால் வைத்துவிடுவார். தேறிய நாலைந்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். மிகப் பெரியதையும் எடுக்கமாட்டார். மிக விலையுயர்ந்ததையும் எடுக்கமாட்டார். பொழுது சாயுமட்டும் செம்மண்ணைக் கொத்துவதற்குத் தம் தோளுக்கு எது இசையுமோ அதனை எடுப்பார். “இதுதான் கைவாகு” என்பார். ‘கைவாகு’ என்னும் அந்தச் சொல்லுக்குள்ளே எப்.பி.ஐ. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுற்றிவந்து கண்ட முடிவு அடங்கிக் கிடக்கின்றது. அலகு பழுதாக இருக்கலாகாது. அது கருவியின் கடமை. பழுதற்றவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், விடை கையிடத்தே உள்ளது. வள்ளுவரும் வினைசெயல்வகையிலே எண்ண வேண்டியவை ஐந்து என்று கூறி, அவற்றுள் ஒன்றாகவே கருவியை வைத்தார். விட்டுவிடவும் இல்லை, அதுவே எல்லாம் என்று சொல்லவும் இல்லை.

இவ்வளவும் பிறருக்குச் சொன்னேன். எனக்கும் ஒரு வெற்றுத் தோட்டா உண்டு. அதையும் மறைக்காமற் சொல்லுகின்றேன். பண்டிதர் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த காலத்திலே, உரைநூல் ஒன்றன் பழைய பதிப்பே திருத்தமானது என்று யாரோ சொல்ல, அதனைத் தேடி ஊர் ஊராகச் சைக்கிளில் அலைந்தேன். எந்தப் பதிப்பு நல்லது என்று நண்பர்களோடு இரவிரவாக வாதிட்டேன். பதிப்பு ஈற்றிலே கிடைத்தது. அதைப் படிக்க நாள் இருக்கவில்லை. வினாத்தாள் வந்தபோது கை தாழ்ந்தது. அந்த ஆண்டு யான் தேறவில்லை. பதிப்பைக் குறைசொல்ல வழியில்லாதபடி அது மிக நல்ல பதிப்பாயிருந்தது!

புறப்படுமுன் கனடா மாணவனிடம் ஒன்று கேட்டிருந்தேன். இவ்வளவு பயிற்சியும் எதற்குப் பயன்பட்டது, தம்பி?

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பத்தொன்பது வருசமாய் இடுப்பிலை கொண்டு திரியிறன், ஐயா. மனிசரைப் பார்த்து ஒருநாளும் சுட்டதில்லை. கை நடுங்கிறவன்தான் அவதிப்பட்டுச் சுடுவான். கை பழகினவனுக்குப் பொறுக்க நேரமிருக்கு,” என்றான்.

இதனைக் கேட்டபின் புறநானூற்றை எடுத்து, அந்த 152ஆம் பாட்டை மீண்டும் படித்தேன். முப்பது ஆண்டுகளாக அம்பு துளைத்த விலங்குகளை எண்ணிக் காட்டி, அதனோடு பாடத்தை முடித்துவிடுகிறவன் யான். பாட்டு அங்கே முடியவில்லை. இன்னார் என்று அறியாமலே பாணர் கூட்டம் அந்த வேட்டுவனை அணுகுகின்றது. அவர்கள் பாடிய புகழ் தன் புகழே என்று அறிந்து அவன் நாணுகின்றான். மான் இறைச்சியைப் புழுக்கிக் கொடுக்கின்றான், மதுவும் கொடுக்கின்றான், தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் இந்தாருங்கள் என்று அள்ளிக் கொடுக்கின்றான். வில்லை வளைத்த கையும் அதுவே. வாரிக் கொடுத்த கையும் அதுவே.

துப்பாக்கிப் பெயர்களை அடுக்கிய மாணவனை அழைத்து, பாட்டின் பின்பாதியை மனனஞ் செய்துகொண்டு வரும்படி சொல்லியிருக்கின்றேன். திங்கட்கிழமை ஒப்புவிப்பதாகச் சொன்னான்.